ஆசிரியர் தொழிலாளியா? பணியுரிமைச் சரித்திரத்தில் ஓர் ஆராய்ச்சி

ஆசிரியர் சங்கங்களின் அலுவலகங்களுக்கு வரும் அங்கத்தினர்கள் கேட்கின்ற கேள்விகள் தலைமுறைக்குத் தலைமுறை வேறு வேறு சொற்களில் வந்தாலும், அவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் மாறியதில்லை: விசாரணை இன்றி என்னை வேலையிலிருந்து விலக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டா, ஓய்வு பெறும் நாளில் என் கைக்கு என்ன வரும், சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக என்னைத் தண்டிக்கலாமா, வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் கதி என்ன என்பனவே அவை. இதே கேள்விகளை ஓர் ஆலைத் தொழிலாளி கேட்பாரானால், அவருக்குரிய விடைகள் பெரும்பாலும் தொழிற்சட்டங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆசிரியர் கேட்கும்போதோ, ஒன்றுக்குக் கல்வித் துறையின் சட்டத்தையும், இன்னொன்றுக்குக் கருவூலத்தின் விதியையும், மற்றொன்றுக்கு அரசியல் சாசனத்தின் ஒரு ஷரத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியரைத் தொழிலாளி என ஒப்புக்கொள்ள இந்தியச் சட்டம் நெடுங்காலம் இணங்காமையாலேயே அவருடைய உரிமைகள் இவ்வாறு சிதறிக் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். சென்னை மாகாணத்தையும் அதன் வழிவந்த தமிழ்நாட்டையும் பிரதானமாகக் கொண்டு, அவ்வுரிமைகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்த வரலாற்றை இங்கே ஆராய்வோம்.

1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாய், தனியார் நடத்தும் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவி மானியம் அளிக்கும் முறை இந்நாட்டில் வேரூன்றியது. மிஷனரி ஸ்தாபனங்களும், ஊர்ப் பெரிய மனிதர்களும், சில இடங்களில் உபாத்தியாயர்களே கூடவும் பள்ளிக்கூடம் வைத்து மானியம் பெற்றனர். கல்வி பரவுவதற்கு இம்முறை செய்த உபகாரத்தை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், பணம் கொடுப்பவர் ஒருவராகவும் வேலை கொடுப்பவர் வேறொருவராகவும் ஆனமையால், ஆசிரியருடைய நிலை இரண்டுங்கெட்டதாயிற்று. சர்க்காரிடம் சென்றால், நீர் எம்முடைய ஊழியர் அல்லர் என்ற பதில் வந்தது. மேனேஜரிடம் சென்றால், மானியம் வரட்டும் பார்க்கலாம் என்ற பதில் வந்தது. மாதச் சம்பளத்துக்காக ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்த தொகை ஒன்றும், அவர் கையில் விழுந்த தொகை வேறொன்றுமாய் இருந்த சங்கதி, சங்கக் கூட்டங்களில் தலைமுறைக்கணக்காய்ப் பேசப்பட்டு வந்த பழங்குறையாகும். கையெழுத்திட மறுத்தவரை மறுமாதம் வர வேண்டாம் என்று சொல்வதற்கு மேனேஜருக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஏனெனில், எஜமானனுக்கும் ஊழியனுக்கும் இடையிலான சாதாரண ஒப்பந்த நியாயமே அன்று இருவரையும் ஆண்டது.

இந்த நிலையில் ஆசிரியர்கள் ஒன்றுகூட முற்பட்டது இயற்கையே. தென்னிந்திய ஆசிரியர் சங்கம் 1928 முதல் தனக்கென ஒரு பத்திரிகையையும் நடத்தி வந்தது. எனினும், உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த பட்டதாரிகளின் உலகம் ஒன்று. ஓராசிரியர் பள்ளியின் கூரையின் கீழ் ஐந்து வகுப்புகளை ஒருங்கே மேய்த்த ஆரம்பப் பள்ளி உபாத்தியாயரின் உலகம் மற்றொன்று. அரசியல் சாசனமே இவ்வேற்றுமையை எழுத்தில் பொறித்து வைத்தது என்பது கவனிக்கத்தக்கது. 171-ஆம் ஷரத்து, சட்ட மேலவையின் அங்கத்தினரில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று கூறியது. ஆனால் அவ்வாக்குரிமை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களில் மூன்றாண்டுகள் பணியாற்றினவர்க்கே உரியது என்றும் வரையறுத்தது. எண்ணிக்கையில் மிகுந்தும் ஊதியத்தில் குறைந்தும் இருந்தவர்களுக்கு அந்த அவையில் வாக்கில்லை. மாஸ்டர் இராமுண்ணி போன்றோரின் தலைமையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் தமக்கெனத் தனி இயக்கம் கண்டதற்கு இத்தகைய ஏற்றத்தாழ்வே நிலைக்களனாயிருந்தது எனலாம். தமிழ்நாட்டு மேலவையே 1986 நவம்பர் முதல் தேதியோடு மறைந்துவிட்டமையால், பட்டதாரிகள் பெற்றிருந்த அந்தச் சலுகையும் பின்னர் இல்லாமற் போயிற்று.

காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1955-இல், உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சென்னை சர்க்கார் ஒரு திட்டத்தை வகுத்தது. ஓய்வூதியம், சேமநல நிதி, ஆயுள் இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாய்ச் சேர்த்து அளித்தமையால் இதனை மும்மை நலத் திட்டம் என்று வழங்கினர். பள்ளியின் சொந்தக்காரர் தனியார். நியமன உத்தரவில் கையெழுத்திட்டவரும் தனியார். அப்படியிருந்தும் அறுபதை நெருங்கிய ஆசிரியருக்கு மாதந்தோறும் பணம் சர்க்கார் கஜானாவிலிருந்து வந்தது. தனியாரின் ஊழியரை முதுமையில் தாங்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை இத்திட்டம் ஒப்புக்கொண்டது. வேலையிலிருக்கும்போது அவரைக் காப்பது யார் என்ற கேள்வியை மட்டும் அது தொடவில்லை.

அக்கேள்விக்கு விடை வர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தகுதி பெற்ற கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்த ஆசிரியரையும் நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என விதித்தது. தற்காலிகப் பணிநீக்கம் என்ற பெயரில் ஒருவரை வருஷக்கணக்காய் வாசலில் நிறுத்தி வைக்கும் தந்திரத்துக்கும் அங்கே ஒரு முட்டுக்கட்டை இடப்பட்டது: இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும், முடியாவிட்டால் ஆசிரியர் தம் பதவிக்குத் திரும்பியவராகவே கருதப்படுவார், ஆசிரியரே தாமதத்துக்கு நேர்க் காரணமாயிருந்தால் மட்டும் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்பது அதன் சாரம். சஸ்பென்ஷன் உத்தரவு கையில் கிடைத்த ஆசிரியர் சங்கத்துக்கு ஓடி வந்தால், அனுபவமுள்ள பொறுப்பாளர் முதலில் கேட்பது அந்த உத்தரவின் தேதியைத்தான். குற்றச்சாட்டின் விவரம் அதன் பிறகே.

சட்டம் இருந்தும் அதன் நிழல் எல்லோர்மேலும் விழவில்லை. அகமதாபாத் செயிண்ட் சேவியர் கல்லூரி வழக்கில் 1974-ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அளித்த தீர்ப்பு, சிறுபான்மையோர் நிலையங்களில் ஊழியரை நீக்குவதற்கு வரையறையற்ற முன் அனுமதி கோரும் விதி, தம் நிலையங்களைத் தாமே நிர்வகிக்க அவர்களுக்குச் சாசனம் அளித்த உரிமையோடு முரண்படுவதாகக் கண்டது. தமிழகத்திலோ மிஷனரிப் பள்ளிகள் ஏராளம். இதனால், ஒரே ஊரில், ஒரே பாடத்தை, ஒரே சம்பள விகிதத்தில் கற்பித்த இரண்டு ஆசிரியரில் ஒருவருக்குப் பாதுகாப்பு கெட்டியாகவும் மற்றவருக்கு நெகிழ்வாகவும் அமைந்த விசித்திரம் நேர்ந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து அரசு ஊழியராக்கப்பட்டபோது, அவர்களைப் பொறுத்தவரை இப்பிரச்சினையே வேறு உருக்கொண்டது.

இனித் தொழிற்சட்டத்தின் பக்கம் திரும்புவோம். இக்கட்டுரையின் மையமான விநோதம் இங்கேதான் இருக்கிறது. மாணவியரை ஏற்றிச் செல்லும் பஸ்களை ஓட்டிய இரண்டு டிரைவர்களை டில்லிப் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து விலக்கியது. அவர்கள் நஷ்டஈடு கேட்டனர். ராம்நாத் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த விவகாரத்தில் 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கல்வி நிலையத்தின் உயிர்நாடியான வேலையைச் செய்பவர் ஆசிரியர், அவர் சட்டம் கூறும் தொழிலாளி அல்லர், ஆகவே கல்வி நிலையமும் தொழில் ஸ்தாபனம் அல்ல என்ற நியாயத்தின்மேல் டிரைவர்களின் கோரிக்கையை நிராகரித்தது. ஆசிரியருக்கு இல்லாத உரிமை அவருடைய பஸ்ஸை ஓட்டியவருக்கும் இல்லாமற் போயிற்று. 1978 பிப்ரவரியில், பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய பிரசித்தி பெற்ற தீர்ப்பு இந்தக் கொள்கையைத் தள்ளி, கல்வி நிலையமும் தொழில் ஸ்தாபனமே எனக் கொண்டது. டிரைவரும் குமாஸ்தாவும் பியூனும் உள்ளே வந்தனர். ஆசிரியரோ வெளியிலேயே நின்றார்.

நின்றதை உறுதிப்படுத்தியது 1988-ஆம் ஆண்டின் சுந்தராம்பாள் வழக்கு. கோவாவில் ஒரு கிறிஸ்தவக் கன்னியர் சபை நடத்திய பள்ளியின் ஆசிரியை ஒருவர் 1975-இல் வேலையிலிருந்து விலக்கப்பட்டார்; சமரசப் பேச்சு பலிக்கவில்லை; தகராற்றைத் தொழில் நடுவர் மன்றத்துக்கு அனுப்புமாறு அவர் விடுத்த கோரிக்கையை, அவர் தொழிலாளி அல்லர் என்று கூறி அரசாங்கம் மறுத்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றமும் அதையே கூறிற்று. உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் பணி என்று சட்டம் அடுக்கிய வகைகளில் கல்வி கற்பிப்பது எதிலும் அடங்காது என்றும், அது ஒரு புனிதமான தொண்டின் தன்மையுடையது என்றும் நீதிபதி வெங்கடராமையா விளக்கினார். ஆசிரியர்களுக்கெனத் தனியே ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றுவதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்ற பரிவுரையும் அத்தீர்ப்பில் உண்டு. நான் நீதிமன்றத்தின் சொற்பொருள் விளக்கத்தைக் குறை கூறவில்லை. சட்டத்தின் வாசகம் அப்படித்தான் இருந்தது. ஆனால், தொண்டு என்ற மகத்தான பட்டத்தைச் சூட்டி, அப்பட்டத்தின் காரணமாகவே குமாஸ்தாவுக்குள்ள பரிகாரத்தை ஆசிரியருக்கு மறுக்கும் மரபு, குருவுக்குத் தட்சிணையைச் சீடனின் இஷ்டத்துக்கு விட்ட காலத்தின் எச்சம் என்றே தோன்றுகிறது.

சங்கம் அமைக்கும் உரிமையில் சட்டம் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. சாசனத்தின் 19-ஆம் ஷரத்து அதனை எல்லாக் குடிமக்களுக்கும் அளித்திருக்கிறது. அங்கீகாரம் பெறாத சங்கத்தில் அரசு ஊழியர் சேரக் கூடாது என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1962-இல், கோஷ் வழக்கில், செல்லாதென ஒதுக்கியும் விட்டது. சேரலாம், சேர்ந்து என்ன செய்யலாம் என்பதிலேதான் சங்கடம். சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று வங்கி ஊழியர் வழக்கில் 1961-இலேயே முடிவாகியிருந்தது. ஆசிரியர் நிலை குறித்து யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து 1966 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸில் நிறைவேற்றிய பரிந்துரை, பேச்சுவார்த்தை முறிந்தால் ஏனைய தொழிலாளர் சங்கங்களுக்குச் சாதாரணமாய் உள்ள வழிகள் ஆசிரியர் சங்கங்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கூறியது. அது பரிந்துரையேயன்றி உடன்படிக்கை அன்றாதலால் எவரையும் கட்டுப்படுத்தவில்லை.

சட்டம் தராத வழியில் ஆசிரியர்கள் சென்றதுண்டு, சென்று வென்றதும் உண்டு. 1988-இல், ஜனாதிபதி ஆட்சியின்போது, ஆசிரியரும் அரசு ஊழியரும் சேர்ந்து நடத்திய நெடிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே, மத்திய சர்க்கார் ஊழியருக்கு இணையான சம்பளம் அந்த ஆண்டின் ஜூன் முதல் தேதியைக் கணக்கிட்டுக் கிடைத்தது. 2003 ஜூலையில் கதை வேறாயிற்று. பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி, ஏறக்குறைய 1,70,000 ஊழியரையும் ஆசிரியரையும் விசாரணை எதுவுமின்றி அரசு டிஸ்மிஸ் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், அரசு ஊழியர் நடத்தை விதிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 22-ஆம் விதியை மீறுவதில்லை என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள அரசு இணங்கிற்று. 2003 ஆகஸ்டு 6-ஆம் தேதி வெளிவந்த ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சாசன உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று முடித்தது. முதலிரண்டைப் பற்றி விவாதிக்க இடமில்லாதிருக்கலாம். மூன்றாவதை நிர்ணயிக்கும் வேலை நீதிமன்றத்தினுடையதுதானா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அதே ஆகஸ்டு 6-ஆம் தேதியிட்ட நிதித் துறை அரசாணை ஒன்று, அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதியும் அதற்குப் பின்னும் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று ஆசிரியர்களின் ஓய்வறையில் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்போர், பணியில் சேர்ந்த தேதியால் இரு ஜாதியாய்ப் பிரிந்திருப்பது அந்த ஆணையின் விளைவே.

சர்க்கார் உதவியே இல்லாத தனியார் பள்ளி ஆசிரியரின் வரலாறு இதனினும் பிந்தியது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1982-இல் கல்வி நிலையங்களுக்கு நீட்டிக்கப்பட்டபோது, உடலுழைப்பாயினும் வேறெதுவாயினும் எவ்வகை வேலை செய்பவரும் ஊழியரே என்று அச்சட்டம் சொன்னதால், ஆசிரியர் சிக்கலின்றி அதனுள் வந்தார். பணிக்கொடைச் சட்டமோ 1972-ஆம் ஆண்டிலேயே பிறந்திருந்தும், 1997 ஏப்ரல் 3-ஆம் தேதி அறிவிப்பால் பத்துப் பேருக்குக் குறையாத கல்வி நிலையங்களுக்கு விரிக்கப்பட்டும், ஆசிரியர் கைக்கு எட்டவில்லை. அகமதாபாத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் கொண்டுவந்த வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் விரிந்த வாசகம் இச்சட்டத்தில் இல்லை என்று ஒப்பிட்டுக் காட்டி, ஆசிரியரை விலக்கிவிட்டது. சட்டம் இயற்றுவோர் அக்குறிப்பைப் புரிந்துகொண்டனர். 2009-இல் நாடாளுமன்றம் அதே விரிந்த வாசகத்தைப் பணிக்கொடைச் சட்டத்திலும் எழுதி, 1997 ஏப்ரல் 3 முதலே அது அமலில் இருந்ததாகக் கொள்ளவும் வழி செய்தது.

அதன் பயன் எத்தகையது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கடைசி மாதம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக 26,000 ரூபாய் வாங்கிய ஆசிரியை ஒருவர் இருபதாண்டு பணிக்குப்பின் ஓய்வு பெறுகிறார் என்க. மாதத்துக்கு 26 நாள் என்பது சட்டத்தின் கணக்காதலால் அவருடைய ஒரு நாள் ஊதியம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் வீதம் இருபதாண்டுக்கு அவருக்குரிய பணிக்கொடை 3,00,000 ரூபாய். 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது பிரிவுபசாரக் கூட்டத்துச் சால்வை ஒன்றே.

தனியார் பள்ளிகள் இத்திருத்தத்தை எதிர்த்து வழக்காடின. பின்னோக்கிச் சுமத்தப்பட்ட பாரத்தைத் தாங்க இயலாது என்பது அவற்றின் வாதம். 2022 ஆகஸ்டு 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்து, பாக்கியை வட்டியோடு கொடுக்கவும் உத்தரவிட்டது. அதற்கு ஐந்து நாள் முன்னர், ஆகஸ்டு 24-ஆம் தேதி, செயிண்ட் மேரி கல்விச் சங்க வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறோர் ஆயம், உதவி பெறாத தனியார் பள்ளியின் ஊழியர், தம் பணி நிபந்தனைகள் சட்டத்தால் ஆளப்பட்டாலன்றி, வேலை நீக்கம் போன்ற ஒப்பந்த விவகாரத்துக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தொடுக்க முடியாது என்று கூறியிருந்தது. ஆகவே, பணிக்கொடையை நிர்வாகம் மறுக்குமாயின் அந்த ஆசிரியை தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் ஊழியர் என்ற ஹோதாவில் மனுக் கொடுக்கலாம். வேலையையே நிர்வாகம் பறிக்குமாயின், அதே துறையின் சமரச அதிகாரி அவரைத் தொழிலாளி அல்லர் என்று திருப்பி அனுப்ப, அவர் தம் மாநிலத்தின் தனியார் பள்ளிச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.