துப்பறியும் கதைக்குள் வந்த பாதிரியார்



தோட்டத்து லயங்களில் ஒரு மர்ம நாவல் வந்து சேர்ந்தால் அது ஒரு வீட்டோடு நின்றதில்லை. பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து, சில வேளைகளில் கடைசித் தாளையே இழந்து திரும்பி வரும். கொலையாளி யார் என்று தெரியாமல் பால் மரத்தடியிலும் அதே பேச்சாக இருந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலை அறியாத வாசகர் அன்று மிகக் குறைவு. இவற்றைப் படித்தால் பிள்ளை கெட்டுப் போவான் என்று பெற்றோர் புத்தகத்தைப் பிடுங்கி வைத்ததும் உண்டு. அந்த அச்சம் நியாயம்தானா? இவ்வகைக் கதைகள் வளர்ந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

துப்பறியும் கதைக்கு வித்திட்டவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ என்பார்கள். 1841-இல் வெளிவந்த அவருடைய கதையில், பாரிஸ் நகரில் ஒரு தாயும் மகளும் கொல்லப்படுகிறார்கள். கொன்றது மனிதனல்ல, போர்னியோவில் ஒரு மாலுமி பிடித்துக் கொண்டுபோன ஒராங் ஊத்தான்! உலகின் முதல் துப்பறியும் கதையில் நம் பகுதிக் காட்டு விலங்கு இடம்பெற்றது வியப்பல்லவா? அதற்குப் பின் 1887-இல், இங்கிலாந்தில் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் வந்தார். காலணியில் ஒட்டிய மண்ணையும் சிந்திய சாம்பலையும் கொண்டே ஆளைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார்.

இக்கதைகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "செய்தது யார்?" விடை கிடைத்துக் கைவிலங்கு பூட்டியதும் கதை முடிந்துவிடும். பிடிபட்டவன் எப்படி அந்த நிலைக்கு வந்தான், இனி அவன் கதி என்ன என்பவற்றைக் கேட்பார் இல்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்க ஒருவர் வந்தார். அவர் போலீஸ்காரர் அல்ல. குள்ளமான, உருண்டை முகம் கொண்ட, குடையை அடிக்கடி தவறவிடும் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெயர் பிரௌன். அவரைப் படைத்தவர் ஜி. கே. செஸ்டர்ட்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர்.

இந்தப் பாத்திரம் பிறந்த கதை சுவையானது. செஸ்டர்ட்டனுக்கு ஜான் ஓ'கானர் என்ற பாதிரியார் நண்பர். ஒருநாள் அவரோடு உரையாடிய இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், அவர் போன பிறகு, கோயிலுக்குள்ளேயே இருப்பவருக்கு உலகத்தின் தீமை என்ன தெரியும் என்ற பொருளில் பேசினார்கள். செஸ்டர்ட்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனெனில், மனிதர் செய்யும் கொடுமைகளைப் பற்றி அந்தப் பாதிரியார் அறிந்ததில் ஒரு பங்கு கூட அந்த மாணவர்களுக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஊராரின் குற்றங்களை நாள்தோறும் கேட்பவர் அல்லவா அவர்! வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவர்போல் தோன்றி, எல்லாம் அறிந்திருக்கும் ஒரு துப்பறிவாளர் அங்கே உருவானார்.

1910-இல் வந்த முதல் கதையில், பாதிரியார் ஒரு விலைமதிப்புள்ள சிலுவையைக் கொண்டு போகிறார். அதைத் திருட ஃபிளாம்போ என்னும் பெரிய திருடன் தானும் பாதிரியார் வேடமிட்டுக் கூடவே நடக்கிறான். பிரௌனோ வழியெல்லாம் உப்பையும் சர்க்கரையையும் மாற்றி வைத்தும், கடை சன்னலை உடைத்தும், பின்னால் வரும் போலீசுக்கு அடையாளம் விட்டுச் செல்கிறார். அவன் போலிப் பாதிரி என்பதை எப்படிக் கண்டுகொண்டார்? அவன் பேச்சில் பகுத்தறிவைப் பழித்தானாம். உண்மையான பாதிரியார் அப்படிப் பேசமாட்டார் என்கிறார் பிரௌன்!

வேறொரு கதையில் அதே ஃபிளாம்போ வைரங்களோடு ஓடி மரத்தில் ஏறிக்கொள்கிறான். கீழே நிற்கும் பாதிரியார் போலீசைக் கூப்பிடவில்லை, பேசுகிறார். தீய வழியில் ஒரு படியோடு நின்றவன் எவனுமில்லை, அது மேலும் மேலும் கீழே இழுக்கும் என்று எடுத்துச் சொல்கிறார். இந்தத் திருட்டுக்காகக் குற்றமற்ற ஓர் இளைஞன் சந்தேகத்துக்கு ஆளாவான் என்றும் நினைவூட்டுகிறார். மரத்திலிருந்து வைரங்கள் கீழே விழுகின்றன. அதுவே ஃபிளாம்போவின் கடைசித் திருட்டு. பின்னாளில் அவன் துப்பறிவாளனாகிப் பாதிரியாருக்கே துணைவனாகிறான்.

1927-இல் வந்த கதைத் தொகுதியில் பிரௌன் தம் இரகசியத்தை வெளியிடுகிறார். குற்றவாளியை வெளியே நின்று ஆராயாமல், "இக்குற்றத்தை நானே செய்வதானால் எந்த மனநிலையில் செய்வேன்?" என்று தம் நெஞ்சுக்குள் தேடிப் பார்ப்பதுதான் அவர் வழி. அந்தத் தீமையின் விதை தம்மிடமும் உண்டு என்று ஒப்புக்கொண்டவருக்குத்தான் பிறர் குற்றம் விளங்குகிறது.

1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற மற்றொரு பாதிரியார், துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று, அமானுஷ்ய சக்தியைக் காரணமாகக் காட்டக் கூடாது என்பது. 1977-இல் எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய பெண்மணி, சிலுவைப் போர் வீரராக இருந்து துறவியான காட்ஃபெல் என்பவரைப் படைத்தார். 12-ஆம் நூற்றாண்டு மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்த்துக்கொண்டே துப்பறிகிறவர் அவர்.

அமெரிக்காவில் கிறிஸ்தவ மர்ம நாவல் வேறு பாதையில் போயிற்று. 1986-இல் ஃபிராங்க் பெரட்டி எழுதிய நாவலில், ஒரு சிற்றூரைக் கைப்பற்றச் சதி நடக்கிறது. ஒரு போதகரும் பத்திரிகை ஆசிரியரும் அதை எதிர்க்கிறார்கள். அவர்களைச் சுற்றித் தேவதூதரும் பிசாசுகளும் போரிடுகிறார்கள். நாக்ஸ் பாதிரியார் வாசலில் தடுத்ததை இவர் நடுவீட்டிலேயே உட்கார வைத்தார்! நாவல் பெரும் விற்பனை கண்டது. அவ்வகை நாவல்கள் பெருகின. 2000-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தவ நாவல்களுக்கென்று கிறிஸ்டி என்னும் விருதும் வழங்கப்படலாயிற்று. விறுவிறுப்பில் இவை குறைந்தவை அல்ல. ஆனாலும் தீமையை வெளியிலிருந்து வரும் பகைவனாகக் காட்டுவது எளிது. நம் நெஞ்சுக்குள்ளும் அது இருப்பதாகக் காட்டுவது கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்தவர் செஸ்டர்ட்டன் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நேயர்களே, இது வெறும் கதைப் பேச்சன்று. தோட்டம் விட்டுப் பட்டணம் போன பிள்ளைகளில் ஒருவன் வழி தவறிப் போலீசில் சிக்கினான் என்று கேள்விப்படுகிறோம். உடனே அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். தண்டனை முடிந்து திரும்பி வந்தாலும் "அவன் அப்படிப்பட்டவன்" என்ற பேச்சு ஓய்வதில்லை. யார் செய்தது என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பிரௌன் பாதிரியாரோ குற்றத்தை மறைக்கவும் இல்லை, குற்றவாளியைக் கைவிடவும் இல்லை. திருடன் ஏறிய மரத்தடியில் நின்று பேசினார்.

ஆகவே, பிள்ளைகள் கையில் மர்ம நாவலைக் கண்டால் பிடுங்க வேண்டாம். எல்லா நாவலும் நல்லவை என்று நாம் சொல்லவில்லை. கொலையை வேடிக்கையாக்கும் புத்தகங்களும் உண்டு. பிள்ளை படித்து முடித்ததும் அருகில் உட்கார்ந்து, "செய்தவன் யார்?" என்று கேளுங்கள். அதற்கு அடுத்து, "அவன் ஏன் அப்படி ஆனான்? அவனைத் திருத்த யாராவது முயன்றார்களா?" என்றும் கேளுங்கள். அதற்கு விடை தேடத் தொடங்கும் பிள்ளை கெட்டுப்போக மாட்டான்.