வேணும்

விஷயம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் ஸேவியருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று விழுந்திருந்தது. பிறகு அவரே விழித்துக்கொண்டு, 1544ல் தன் கூட்டாளி மான்ஸில்யாஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்தச் சொல்கிறார்.

மொழிபெயர்ப்பு ஹாஸ்யம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை. அம்பத்தூரில் பாங்கு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். படிவத்தில் அச்சாகியிருக்கும் தமிழை வாசித்துக் காட்டினால் எதிரே நிற்கும் கிழவி விழிக்கிறாள். 'பணம் வேணும்னு போட்டிருக்கு பாட்டி' என்றால் உடனே கைநாட்டு விழுகிறது. பரதவர்கள் 1535-37ல் திரளாக ஞானஸ்நானம் பெற்றது, முத்துக்குளிப்பில் தங்களோடு மோதிய முஸ்லிம் வணிகர்களுக்கு எதிராகப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரித்தான். அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது. ஸேவியர் திருத்தியது மொழிபெயர்ப்பை, காரணத்தை அல்ல.

1545ல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு அவர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே 1547ல் சந்தித்த அஞ்சிரோ என்ற ஜப்பானியனோடு, 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். அதே முறை, அதே விபத்து. அஞ்சிரோவின் யோசனைப்படி கடவுளை 'தைனிச்சி' என்றார். அது ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் வைரோசன புத்தரின் பெயர். யமகுச்சியில் பிக்ஷுக்களோடு பேசிய பிறகு 1551ல் அது தெரியவந்தது. அதற்கப்புறம் லத்தீன் 'தேயுஸ்' தான். எதிரிகள் அதையும் விடவில்லை; 'தாய் உஸோ', அதாவது பெரும் பொய், என்று திரித்தார்கள்.

தமிழில் வேறு விதமாக நடந்தது. 1578ல் கொல்லத்தில் அச்சான நூலில் கடவுள் 'தம்பிரான்' ஆனார். பின்னர் நோபிலியிடம் 'சருவேசுரன்'. சைவர்களின் சொல்லைக் கூசாமல் எடுத்துக்கொண்டார்கள். வந்த கடவுளைத் தமிழ் விழுங்கிக்கொண்டது; ஜப்பானில் அந்நியச் சொல் அந்நியமாகவே நின்றது. இது தமிழின் வெற்றி என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. போர்த்துக்கீசியக் கப்பல் வியாபாரம் ஜப்பானியப் பிரபுக்களுக்கும் வேண்டித்தான் இருந்தது. 1563ல் ஞானஸ்நானம் பெற்ற ஓமுரா ஸுமிதாதா, 1580ல் நாகஸாகியையே சேசு சபையிடம் ஒப்படைத்தார். 1614ல் தடை வந்தது. இனி அந்த மதத்தில் கிடைக்கக்கூடியது மரணம்தான். பாதிரிகள் இல்லை, புத்தகம் இல்லை. அப்படியும் 1865ல் நாகஸாகியின் ஓவ்ரா கோவிலுக்கு உராகமி கிராமத்து ஜனங்கள் வந்து, தங்கள் மனசும் அதுவே என்று பாதிரியிடம் ரகசியமாகத் தெரிவித்தார்கள். தலைமறைவாக வாழ்ந்தவர்கள் இரண்டரை நூற்றாண்டாக முணுமுணுத்துவந்த ஜெபத்துக்கு 'ஒராஷோ' என்று பெயர். லத்தீன் 'ஒராஸியோ'வின் தேய்ந்த ரூபம். அதிலுள்ள லத்தீன் வரிகள் சொல்கிறவர்களுக்கே வெறும் சப்தமாகிப்போயிருந்தன.

மேல்நாட்டுக் கருத்து ஒன்றுக்குச் சரியான தமிழ்ச் சொல் அமைந்துவிட்டால் கருத்தே வந்து சேர்ந்துவிட்டது என்று நம்புகிற நாம், பத்திரிகைக்குப் பத்திரிகை கலைச்சொல்லுக்காகச் சண்டை போடுகிறோம். சொல் சரியா என்பது முதல் கேள்விதான். அந்தச் சொல்லால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றான பிறகும் அதை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்கு அகராதியில் பதில் இல்லை.