படுக்கைப்புண்ணும் அதன் பழியும்

அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரோ நெடுநாள் நோயினாலோ அசையாது படுத்திருப்பவரின் உடலில், எலும்பு துருத்திய இடங்களில் உடலெடையே இரத்தக் குழாய்களை நசுக்கித் திசுவைச் சாகடிப்பதால் தோன்றும் படுக்கைப்புண், பல நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் அறிந்த தொல்லையே ஆயினும், அதைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கை மிகத் தாமதமாகவே வேரூன்றியது. 1569இல், தொடையில் குண்டடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பிரபு ஒருவருக்கு மருத்துவம் பார்த்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே, பிட்டத்துப் புண்ணில் எடை படாதவாறு இறகு அடைத்த சிறு தலையணை ஒன்றைச் செய்வித்து, தூய படுக்கையும் சத்துள்ள உணவும் உறக்கமும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார். பிற்காலச் சிகிச்சையின் சாரம் ஏறக்குறைய இதிலேயே அடங்கிவிட்டது எனலாம்.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டில், பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த நரம்பியல் முன்னோடி ழான் மார்த்தேன் ஷார்கோ, புண்ணுக்கு மூலம் மூளையிலும் தண்டுவடத்திலும் நேர்ந்த சேதமே என்று வாதிட்டு, அதைச் சாவின் முன்னறிவிப்பாகக் கருதினார். தண்டுவடம் அறுக்கப்பட்ட விலங்குகளுக்கும், அழுத்தமும் சிறுநீர் ஈரமும் படாமல் காத்தால் புண் வருவதில்லை என்று உடலியல் ஆய்வாளர் பிரவுன்-செக்கார் முன்னரே சோதனையால் காட்டியிருந்தார். எனினும் ஷார்கோவின் பெயருக்கு இருந்த செல்வாக்கு அச்சோதனைக்கு இருக்கவில்லை. மறுபுறம் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859இல் வெளியான தமது செவிலியப் பணி நூலில், இப்புண்ணைப் பெரும்பாலும் பராமரிப்பின் குறையாகவே கண்டார். தடுக்கக்கூடியது என்ற உண்மையை நிலைநாட்டிய இக்கருத்து, போதிய ஆளில்லாத கூடங்களிலும் பழி முழுவதையும் செவிலியர் தலையில் ஏற்றியது.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மான், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் பொறுப்பேற்று, தண்டுவடம் முறிந்த படைவீரர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் கண்டிப்பாக நடத்தியபோது, பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தனர். தாமே செவிலியரான டோரீன் நார்ட்டன், முதியோர் கூடங்களில் நடத்தி 1962இல் வெளியிட்ட ஆய்வில், தோலில் பூசப்பட்டுவந்த பலவகைப் பூச்சுகளைவிட முறையாகப் புரட்டுவதே பயன் தருகிறது என்று காட்டினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, யாருக்குப் புண் வரக்கூடும் என முன்கூட்டியே கணிக்கும் அளவுகோலும் அவ்வாய்விலிருந்தே பிறந்தது.

மயக்க மருந்தின் பிடியில் நோயாளி மணிக்கணக்கில் அசையாது கிடக்கும் அறுவை மேசையின் மேல் கவனம் திரும்பியது இதற்கும் பிறகுதான். அங்கே ஆழ்திசுவில் தொடங்கும் சேதம் சில நாள் கழித்தே தோலில் தெரிவதால், அறுவை அரங்கில் உண்டான புண்ணுக்கும் படுக்கைக் கூடத்துச் செவிலியரே பழி ஏற்க நேர்கிறது.