காட்டை அடமானம் வைத்த காகிதங்கள்

பழைய நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் சேர்ப்போரைப் போலவே, காலங்கடந்த கடன் பத்திரங்களையும் பங்குப் பத்திரங்களையும் தேடிச் சேர்ப்போரும் உலகில் உண்டு. 1970-களில் மேலைநாடுகளில் இப்பழக்கம் தனித்துறையாக வளர்ந்து, ‘ஸ்கிரிப்போஃபிலி’ என்னும் பெயரும் பெற்றது. சேகரிப்போர் பலர் இருப்புப்பாதை, சுரங்க நிறுவனங்களின் பத்திரங்களை நாடுவர். அமெரிக்க மர நிறுவனங்களின் பத்திரங்களோ, ஒரு நாடு தன் காடுகளைப் பணமாக மாற்றிய வரலாற்றையே தாங்கி நிற்கின்றன.

இப்பத்திரங்கள் தோற்றத்தில் கலைப்பொருள்களுக்கு நிகரானவை. 1858-இல் உருவான அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி போன்ற அச்சகங்கள், எஃகுத் தகட்டில் செதுக்கிய நுண்கோடுகளால் பத்திரங்களை அச்சிட்டன. போலிகளைத் தடுப்பதே அவ்வேலைப்பாட்டின் நோக்கம். பத்திரத்தோடு வட்டிச் சீட்டுகள் வரிசையாக இணைந்திருக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒரு சீட்டைக் கத்தரித்துக் கொடுத்து வட்டியைப் பெற்றுக்கொள்வது வழக்கம்.

அலங்காரத்தினும் கருதத்தக்கது பத்திரத்தின் வாசகம். ‘முதல் அடமானத் தங்கப் பத்திரம்’ என்று தலைப்பிட்டவை பல. அசலும் வட்டியும் தங்க நாணயமாகவே தரப்படும் என்பது அதன் உறுதிமொழி. 1933-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வுறுதியைச் செல்லாததாக்கியது. அடமானமாக வைக்கப்பட்டது, வெட்டப்படாது நின்ற காடு. வெட்டும் ஒவ்வோர் ஆயிரம் அடி மரத்திற்கும் ஒரு தொகையைக் கடன் தீர்ப்பு நிதியில் செலுத்த வேண்டும் என்பதும் இத்தகைய கடன்களின் வழக்கமான நிபந்தனை. ஆகவே, கடன் தீர வேண்டுமாயின் காடு வீழ வேண்டும். பல நூற்றாண்டு வளர்ந்த மரத்திற்கு, சில பத்தாண்டுக்குள் முடியும் கடன் கெடு விதித்தது. விலை வீழ்ந்த காலத்திலும், வட்டியும் வரியும் நெருக்கியதால் ஆலைகள் ஓய இயலாது அறுத்துக்கொண்டே இருந்தன. இந்நிலையை அமெரிக்க வனத்துறையின் வில்லியம் கிரீலி 1917-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தார்.

லாங்-பெல் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1875-இல் கான்சாஸ் மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் ராபர்ட் ஏ. லாங்கும் விக்டர் பெல்லும் உலர்புல் வாணிபம் செய்தனர். புல் விலைபோகவில்லை, அதனை மூட வாங்கிய பலகைகளே விலைபோயின. அதிலிருந்து பிறந்த மர வாணிபம் லூசியானா, டெக்சாஸ் மாநிலங்களின் பைன் காடுகள்வரை பரவியது. அக்காடுகள் அருகியபோது, எழுபது வயதை நெருங்கிய லாங் வாஷிங்டன் மாநிலத்தின் டக்ளஸ் ஃபர் காடுகளை நாடினார். கொலம்பியா ஆற்றங்கரையில் பேராலைகள் எழுந்தன. 1923-இல் லாங்வியூ என்னும் திட்டமிட்ட நகரமும் தோன்றியது. அந்நகருக்கு நூலகத்தையும் உயர்நிலைப் பள்ளியையும் லாங் தம் சொந்தப் பொருளால் வழங்கினார். ஆனால் இப்பெருமுயற்சி கடனைச் சுமந்து நின்றது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நிறுவனம் தவணை செலுத்த இயலாது மறுசீரமைப்புக்கு உள்ளானது. 1934-இல் லாங் மறைந்தார். 1956-இல் நிறுவனம் இன்டர்நேஷனல் பேப்பருடன் இணைந்தது.

தேர்ந்த சேகரிப்பாளர் பத்திரத்தின் முகப்புத் தொகையைப் பார்த்து மதிப்பிடுவதில்லை. அரிமை, கையொப்பம், சித்திரம், தாளின் நிலை ஆகியவையே விலையை முடிவு செய்யும். துளையிடப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் கடன் தீர்ந்து நீக்கப்பட்டதன் அடையாளம். கத்தரிக்கப்படாத சீட்டுகள் எஞ்சியிருப்பின், வட்டி எந்த நாளோடு நின்றிருக்கக்கூடும் என்பதை அவை உணர்த்தும். இத்துறையில் விழிப்பும் தேவை. பழைய இருப்புப்பாதைப் பத்திரங்களுக்கு இன்றும் தங்கம் கிடைக்கும் என்று ஆசைகாட்டி 1990-களில் மோசடிகள் நடந்தன. அமெரிக்க அதிகாரிகள் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. வாக்குறுதி முடிந்த தாளுக்கு வரலாற்று மதிப்பு மட்டுமே உண்டு.

அம்மதிப்பும் சிறிதன்று. வட்டி தர வேண்டிய நாள்கள் அனைத்தும் அத்தாளில் வரிசையாக அச்சாகியுள்ளன. வெட்டிய மரம் மீண்டும் வளரத் தேவையான காலத்திற்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. காட்டை ஈடாகப் பெற்ற காகிதம் இன்று சேகரிப்பாளரின் பேழையில் பத்திரமாக இருக்கிறது. ஈடாக நின்ற பழங்காட்டில் பெரும்பகுதி இன்று இல்லை.