தேய்ந்த புஷ் சொன்ன வரலாறு

சில மாதங்களுக்கு முன் நம் நண்பர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் புல்லட்டைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய 350 சிசி வண்டி. எஞ்சினில் தட்டும் ஓசை கேட்கிறதென்று ஒரு பட்டறையில் சிலிண்டரைப் போர் செய்து புதிய பிஸ்டன் போட்டிருந்தார்கள். இரண்டே மாதத்தில் ஓசை திரும்பிவிட்டது. 'வண்டிக்கு வயதாகிவிட்டது' என்பதே எல்லோரும் கூறிய காரணம். வயது என்பது ஒரு காரணமாகுமா என்னும் ஐயத்தோடு, புல்லட்டில் பழுத்த அனுபவமுடைய மெக்கானிக் ஒருவரிடம் நண்பரோடு நாமும் சென்றோம்.

அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. குளிர்ந்திருந்த எஞ்சினை முடுக்கிக் கேட்டார். கால் மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிவரச் சொல்லி மறுபடியும் கேட்டார். "தம்பி, பிஸ்டன் சத்தம்னா சூடானதும் அடங்கும். இது சூடானப்புறம்தான் ஏறுது. கீழ இருந்து வருது" என்றார்.

சிலிண்டருக்குள் தளர்ந்திருக்கும் பிஸ்டன், சூட்டில் விரிந்து இடைவெளியை நிரப்பிக்கொள்வதால் ஓசை குறைகிறது. கனெக்டிங் ராடின் அடிமுனையில் தேய்வு இருந்தாலோ நிலைமை தலைகீழ். எண்ணெய் சூடேறி இளகும்போது, உலோகத்தை உலோகத்திடமிருந்து விலக்கி நிறுத்தும் வலுவை இழக்கிறது. அங்கேதான் கனத்த தட்டோசை பிறக்கிறது.

அந்த அடிமுனையின் அமைப்பை அறிய வண்டியின் வரலாற்றைச் சற்றுப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான புல்லட், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட கூட்டின் பயனாகச் சென்னையை அடுத்த திருவொற்றியூருக்கு வந்தது. முதலில் உதிரிபாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. பின்னர் முழுவதும் இங்கேயே உருவாயிற்று. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த எஞ்சின், பல பத்தாண்டுகள் அடிப்படையில் மாறவில்லை.

மாறாதவற்றுள் ஒன்று, கனெக்டிங் ராடின் அடிமுனையிலிருந்த மிதக்கும் புஷ். உருளைத் தாங்கிகள் பொருத்திய எஞ்சின்களுக்குத் தெறிக்கும் எண்ணெயே பெரும்பாலும் போதும். புல்லட்டில் இருந்ததோ, வெள்ளை உலோகம் பூசிய வளையம். கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் இடையில் இரண்டிலும் ஒட்டாமல் எண்ணெயில் மிதந்து சுழல்வது அது. பம்பு அனுப்பும் எண்ணெய் கிராங்க் தண்டின் முனையில் நுழைந்து, உள்ளே துளைத்த பாதை வழியாக அதை ஓயாது சென்றடையவேண்டும்.

வெள்ளை உலோகத்தை 1839இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் உருவாக்கினார். வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட மென்மையான கலவை அது. மென்மையான ஒன்று எவ்வாறு பெருஞ்சுமையைத் தாங்குகிறது? 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் செய்த சோதனை இதற்கு விடை தந்தது. சுழலும் தண்டின்மேல் சுமையோடு அமர்ந்திருந்த தாங்கியில், எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளையிட்டார். ஆனால் எண்ணெய் உள்ளே இறங்காமல் அத்துளை வழியே மேலே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார்; பிதுங்கி வெளிவந்தது. மரமுளை அடித்தார், அதுவும் வெளிவந்தது. சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் அந்த எல்லையையும் கடந்தது. தாங்கியின்மேல் இருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான்!

இடையூறாகத் தோன்றிய ஒரு பிதுங்கலை டவர் சான்றாக மதித்தார். சுமையைத் தாங்குவது உலோகமன்று, சுழற்சியே உண்டாக்கும் எண்ணெய்ப் படலம் என்பது அதனால் வெளிப்பட்டது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். படலம் உள்ளவரை தேய்மானம் மிகச் சிறிது. படலம் அறுந்தால் மென்மையான பூச்சுக்கு வாழ்வில்லை.

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். வடித்த எண்ணெயைத் துணியில் சலித்தபோது வெள்ளித்துகள் போன்ற செதில்கள் மின்னின. காந்தத்தில் அவை ஒட்டவில்லை, ஆகவே இரும்பல்ல. பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாமே என்றோம். மெக்கானிக் ஒரு செதிலைச் சால்டரிங் கோலின் நுனியில் வைத்தார். உடனே உருகிற்று. அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகவே அது வெள்ளை உலோகமே.

சிலிண்டரைக் கழற்றி, கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்தார். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேல்கீழாக இருக்கக் கூடாது. இருந்தது. கிராங்க் தண்டின் முனையில் எண்ணெய்க் குப்பியை வைத்து அழுத்தினார். மறுமுனையில் ஒரு துளியும் கசியவில்லை. பின்னர் கிராங்கைப் பிரித்தபோது, எண்ணெய்ப் பாதையில் கரிய கசடு மெழுகைப்போல் இறுகியிருந்தது.

பிஸ்டன் குற்றவாளியல்ல, புஷ்ஷும் பாதிக்கப்பட்டதே. கசடு எப்படி வந்தது?

அதற்குரிய ஆவணம் நண்பரின் வீட்டிலேயே கிடைத்தது. வண்டியின் பெட்டிக்குள் தந்தையார் வைத்திருந்த சிறு குறிப்பேடு. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தேதியோடு, 'ஆயில் மாற்றியது' என்ற ஒரே தொடர், பக்கம் பக்கமாக. கடைசிப் பதிவு அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முந்தையது. அதன்பின் வெற்றுத்தாள்கள். மீட்டரில் இருந்த எண்ணைக் கடைசிப் பதிவோடு ஒப்பிட்டோம். மகன் ஓட்டிய 14,000 கிலோமீட்டரில் எண்ணெய் ஒருமுறையும் மாற்றப்படவில்லை.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. "அண்ணே, இத்தனை நாளும் வண்டியைத்தான் குறை சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

2008இல் அறிமுகமான புதிய எஞ்சின் உருளைத் தாங்கியோடு வந்தது. மிதக்கும் புஷ்ஷின் காலம் முடிந்தது. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று ஓய்ந்து நிற்கும்போது வயதின்மேல் பழிபோடுவது எளிது. அழிந்த பேரரசுகளைப் பற்றி எழுதும்போது நாமும் இதே பிழையைச் செய்வதுண்டு. கடைசியில் கேட்ட ஓசையைக் காரணமென்று எழுதிவிட்டு, எப்போதோ அடைபட்ட பாதையைத் தேடாமல் விட்டுவிடுகிறோம்.

புதிய பின்னும் புஷ்ஷும் பொருத்தப்பட்டு வண்டி இப்போது ஓடுகிறது. குறிப்பேட்டின் வெற்றுத்தாளில், வேறொரு கையெழுத்தில், 'ஆயில் மாற்றியது' என்ற தொடரைக் கண்டோம்.