முதலைப் பண்ணைக்குள்ள ஒரு பாம்பு சொசைட்டி

ஈசிஆர்ல மகாபலிபுரம் போறவங்க எல்லாருக்கும் ஒரு ரூட் மனப்பாடம். முட்டுக்காட்டுல போட், வடநெம்மேலியில முதலைப் பண்ணை, அப்புறம் கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. ஆபீஸ்ல டீம் அவுட்டிங்னு சொன்னாலும் இதேதான் (ஆணி புடுங்குறவனுக்கு வேற போக்கிடம் ஏது?).

இதுல முதலைப் பண்ணைக்குள்ள ஒரு ஓரமா இருக்குற இடத்தைப் பத்திதான் இந்தப் பதிவு. பெரிய சமாச்சாரமா ஒண்ணும் தெரியாது. சுத்தி கைப்பிடிச் சுவர், நடுவுல பள்ளம், உள்ளே வரிசையா மண்பானை. ஒருத்தர் வந்து பானை வாயில கட்டியிருக்குற துணியை அவிழ்த்து, கொக்கியால ஒரு நல்ல பாம்பைத் தூக்கி வெளியே விடுவார். படம் எடுக்கும். கூட்டம் "ஓ"ன்னு கத்தும். தலையைப் பிடிச்சு ஒரு கண்ணாடிக் குடுவையோட வாயில கடிக்க விடுவார். மஞ்சளா ரெண்டு மூணு துளி இறங்கும். பாம்பு திரும்பப் பானைக்குள்ள போயிடும். கைதட்டிட்டு நாம ஐஸ்க்ரீம் வாங்கப் போயிடுவோம்.

நாம ஷோன்னு நினைச்சுப் பார்க்குற அந்தத் துளி, நாட்டின் எந்த மூலையிலோ பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒரு விவசாயிக்கு ஏத்தப் போற மருந்தின் முதல் சரக்கு. இந்தியாவுல விஷமுறிவு மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்குப் போற விஷத்தில் பெரும்பகுதி பல வருஷமாக இந்த ஒரே இடத்திலிருந்துதான் போய்க்கிட்டிருக்கு. இடத்தோட முழுப் பேர் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். 1978 கடைசியில் பதிவானது. அது எப்படி ஆரம்பிச்சதுங்கறதுதான் கதை.

இருளர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமெல்லாம் வாழுற பழங்குடி மக்கள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 1.9 லட்சம் பேர். காடுன்னு சொன்னா நமக்கு முதுமலை, டாப்ஸ்லிப் ஞாபகம் வரும். இவங்களோட காடு அப்படி இல்லை. காரை முள்ளும் சூரையும் மண்டிக் கிடக்குற புதர்க்காடு, ஏரிக்கரை, வயல் வரப்பு. அந்த வரப்புல எலி வளை இருக்கும். எலி வளை இருந்தா அதைத் தேடிப் பாம்பு வரும். இருளர் ரெண்டையும் தேடி வருவாங்க. எலியைப் பிடிச்சுக் கொடுத்தா விவசாயிக்கு லாபம், வளைக்குள்ள எலி சேர்த்து வச்ச நெல் இவங்களுக்கு. பாம்பைப் பிடிச்சா தோல்.

அந்தத் தோல்தான் ஐம்பது, அறுபதுகள்ல பெரிய வியாபாரம். சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு எல்லாத்துக்கும் விலை இருந்தது. சென்னை தோல் பதனிடுறதுக்குப் பேர் போன ஊர், கேக்கணுமா? லட்சக்கணக்கான பாம்புத் தோல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறி கைப்பையாகவும் செருப்பாகவும் ஆச்சு. பாம்பைப் பிடிச்சவங்களுக்குக் கிடைச்சது சில்லறை. நடுவுல இருந்த வியாபாரிக்கு எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல பாம்புத் தோல் ஏற்றுமதிக்கே தடை. பாம்புகளுக்கு இது நல்ல செய்தி, சந்தேகமே இல்லை. சாரையைக் கொன்னு தள்ளினா வயல்ல எலி பெருகும்ங்கறது இருளர் யாருக்கும் புதுசா சொல்லித் தர வேண்டிய பாடமும் இல்லை. ஆனா சட்டம் எழுதினவங்க ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்தாங்க. ஏற்றுமதி கம்பெனிக்காரர் வேற தோலுக்கு மாறிக்கிட்டார். வரப்புல கடப்பாறையோட நின்ன மனுஷன் என்ன ஆனார்? தலைமுறை தலைமுறையா செஞ்ச தொழில் ஒரே நாள்ல குற்றம் ஆயிடுச்சு. நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை. கையில இருந்த ஒரே வித்தைக்கும் பூட்டு.

இந்த இடத்துல ராமுலஸ் விட்டேக்கர் வர்றார். 1943ல நியூயார்க்குல பிறந்து, சின்னப் பையனா இந்தியா வந்து கொடைக்கானல்ல படிச்சவர். இளவயசுல அமெரிக்கா திரும்பிப் போய், மயாமியில பில் ஹாஸ்ட் நடத்தின பாம்புப் பண்ணையில வேலை பார்த்தார். அங்க தினமும் நடந்தது விஷம் எடுக்குற வேலை, அதைப் பார்க்க டிக்கெட் வாங்கி வர்ற கூட்டம். திரும்ப இந்தியா வந்து 1969ல சென்னைப் பாம்புப் பண்ணையை ஆரம்பிச்சார். அதுதான் 1972ல கிண்டிக்கு இடம் மாறி, நாம ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன் போன பாம்புப் பண்ணை. 1976ல வடநெம்மேலியில முதலைப் பண்ணை. சதுப்பு முதலை அழிஞ்சு போயிடுமோன்னு பயம் இருந்த காலம் அது. மத்திய அரசும் 1975ல தனியா முதலைத் திட்டம் ஆரம்பிச்சிருந்தது. கொஞ்சம் முதலைகளோட தொடங்கின பண்ணையில, பின்னாடி இத்தனையையும் எங்க கொண்டுபோய் விடுறதுன்னு தெரியாத அளவுக்குக் குஞ்சு பொரிச்சது தனிக் கதை.

விட்டேக்கர் பாம்பு பிடிக்கக் கத்துக்கிட்டது இருளர்கள்கிட்ட. அதை அவரே பல இடத்துல சொல்லியிருக்கார். புழுதியில இருக்குற ஒரு சின்னக் கோட்டைப் பார்த்து, இது என்ன பாம்பு, எந்தப் பக்கம் போச்சு, போய் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்லிடுவாங்க. உரிச்ச சட்டையோட துணுக்கு, எச்சம், வளை வாயில மண் வழவழன்னு இருக்குறது எல்லாமே அவங்களுக்குத் தடயம். இதுக்குப் புத்தகம் கிடையாது. அப்பாவோட, அம்மாவோட நடந்து நடந்து கத்துக்கிறது. ஆமா, அம்மாவும்தான். பாம்பு பிடிக்கிற இருளர் பெண்கள் நிறைய பேர் உண்டு.

வித்தை இருக்கு, கொல்லக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு. அப்ப பாம்பு சாகாம காசு வர வழி? விஷம்.

இதுக்கு உலக சரித்திரத்துல கொஞ்சம் பின்னாடி போகணும். 1890கள்ல ஆல்பெர்ட் கால்மெட்ங்கற பிரெஞ்சு மருத்துவர் சைகோன்ல வேலை பார்த்தப்போ, வெள்ளத்துக்குப் பயந்து ஊருக்குள்ள புகுந்த நாகங்கள் ஆட்களைக் கடிச்சதுலதான் அவர் கவனம் இந்தப் பக்கம் திரும்பிச்சு. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மிருக உடம்புல ஏத்தினா, அந்த ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் உருவாகும். அதைப் பிரிச்செடுத்து கடிபட்டவனுக்குக் கொடுக்கலாம். இன்னைக்கும் அடிப்படை அதேதான், குதிரை உடம்புல ஏத்தி எடுக்குறாங்க. இந்தியாவுல கசௌலியிலும் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்திலும் இந்த மருந்து ரொம்ப காலமாகத் தயாரானது. ஆனா மருந்து செய்யணும்னா முதல்ல விஷம் வேணுமே! உயிரோட, அடிபடாம, தொடர்ந்து பாம்பு கொண்டு வர்றது யார்?

1978ல சங்கம் பதிவானது இந்தக் கேள்விக்குத்தான். தமிழக அரசோட தொழில் வணிகத் துறையின் கீழ வர்ற கூட்டுறவுச் சங்கம் அது. உறுப்பினர்கள் இருளர்கள், இப்ப 300 பேருக்கு மேல. பாம்பு பிடிக்க வருஷா வருஷம் வனத்துறை அனுமதி வேணும். எந்த இனம் எத்தனைன்னு கணக்கு உண்டு. நாலே இனம்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்ம ஊர் பாம்புக்கடிச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த நாலும்தான்.

பிடிச்ச பாம்பைத் துணிப்பையில போட்டு சங்கத்துக்குக் கொண்டு வந்தா, எடுத்துக்கிட்டுக் காசு கொடுப்பாங்க. பானைக்குள்ள மணல், வாயில பருத்தித் துணி. குளிர்ச்சியா இருக்கும், காத்தும் போகும். (லட்ச ரூபாய் சாதனத்தைவிட நம்ம குயவர் பானை இந்த வேலைக்குச் சரியா இருக்கு பாருங்க.) சுமார் மூணு வாரம் வச்சிருந்து, வாரத்துக்கு ஒரு தடவையா நாலு தடவை விஷம் எடுப்பாங்க. அப்புறம் வயித்துச் செதில்ல ஒரு சின்ன வெட்டு போட்டு விட்டுடுவாங்க. அதே பாம்பை மறுபடி யாராவது பிடிச்சிட்டு வந்தா, "இது ஏற்கெனவே டூட்டி பார்த்தாச்சு"ன்னு தெரிஞ்சிடும். தோல் உரிச்சு மறுபடி உரிச்சு கொஞ்ச நாள்ல அந்தத் தழும்பும் மங்கிடும். எடுத்த விஷத்தை உறைய வச்சு உலர்த்திப் பொடியாக்கி கம்பெனிகளுக்கு கிராம் கணக்குல விற்பாங்க. கட்டுவிரியன் ஒரு தடவைக்குத் தர்றது ரொம்பக் கொஞ்சம், அதனால ஒரு கிராம் சேர்க்க எத்தனை கட்டுவிரியன் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

தோல் காலத்துல ஒரு பாம்புக்கு ஒரே ஒரு தடவைதான் காசு. இப்ப பாம்பும் பிழைச்சது, பிடிச்சவரும் பிழைச்சார், கடிபட்டவரும் பிழைச்சார். இந்திய வனவிலங்கு சரித்திரத்துல சட்டத்தால பொழைப்பு இழந்தவங்களை அவங்க அறிவை வச்சே திரும்பக் கூப்பிட்ட சம்பவங்கள் எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி. புலிகள் சரணாலயம்னு சொல்லி ஊரையே காலி பண்ணின கதைகள்தான் ஜாஸ்தி.

அதுக்காக எல்லாம் சுபம்னு நான் சொல்ல வரலை. ரெண்டு பெரிய சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல் விஞ்ஞானம். ஒரே இனப் பாம்பா இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷத்தோட கலவை மாறும். செங்கல்பட்டு கண்ணாடி விரியனும் பஞ்சாப் கண்ணாடி விரியனும் பேர்லதான் ஒண்ணு. இங்க எடுத்த விஷத்தை வச்சு செஞ்ச மருந்து அங்க அதே அளவுக்கு வேலை செய்யலைன்னு பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் உட்பட பலர் சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. சுருட்டை விரியனே ராஜஸ்தான்ல இருக்குறது வேற மாதிரி, உருவத்துலயே நம்மூருதைவிடப் பெருசு. ஒரு மாவட்டத்தோட பாம்பு ஒரு துணைக்கண்டத்துக்கு மருந்து ஆக முடியுமா? ஒரே சர்வர்ல நாட்டையே ஓட்டின மாதிரி இருக்கு நம்ம நிலைமை. இது இருளர்களோட தப்பு இல்லை. மத்த மாநிலங்கள் இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை இத்தனை வருஷத்துல செஞ்சிருக்கணும்.

இதுல விளையாட்டு இல்லைங்கறதுக்கு ஒரு கணக்கு: 2000 முதல் 2019 வரை இந்தியாவுல பாம்புக்கடியால இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020ல வெளியான ஒரு ஆய்வு சொல்லுது. வருஷத்துக்குச் சராசரியா 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைங்க. அதனாலதானோ என்னவோ உலக சுகாதார நிறுவனமே 2017லதான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியல்ல சேர்த்தது. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லதான் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு அறிவிச்சாங்க.

ரெண்டாவது சிக்கல் ஆட்கள். புதர்க்காடும் ஏரிக்கரையும் வீட்டு மனை ஆகிக்கிட்டே இருக்கு. ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் இன்னைக்கு நாம ஏசியில உக்கார்ந்து கோட் அடிக்கிற எத்தனை கட்டடத்துக்கு அடியில எலி வளை இருந்ததோ! படிச்ச பிள்ளைங்க வேற வேலைக்குப் போறாங்க, போகத்தான் வேணும். வரப்புல நடந்து கத்துக்க வேண்டிய பாடத்தை வேற எங்க கத்துக்கிறது?

இந்த வித்தையோட மதிப்பு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி அமெரிக்காக்காரனுக்குத் தெரிஞ்சது. ஃபுளோரிடா எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டுல பர்மா மலைப்பாம்பு பெருகிப் போய் அங்குள்ள பிராணிகளைத் தின்னு தீர்த்துக்கிட்டிருக்கு. வளர்க்க வாங்கினவங்க கைவிட்டதும் தப்பிச்சதுமா உருவான தொல்லை. 2017ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களை இங்கிருந்து கூட்டிட்டுப் போனாங்க. நாய், வேட்டைக்காரர்கள்னு என்னென்னவோ முயற்சி செஞ்ச இடத்துல, இவங்க கையில கடப்பாறையோட இறங்கி முதல் ரெண்டு வாரத்துக்குள்ள 13 மலைப்பாம்பு பிடிச்சாங்க. அதுல ஒண்ணு 16 அடி. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. விட்டேக்கருக்கு 2018லயே கொடுத்தாச்சு. சிஷ்யருக்கு முதல்ல, வாத்தியார்களுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு :)

மகாபலிபுரத்துல அர்ஜுனன் தபசுப் பாறையோட நடுப் பிளவைக் கவனிச்சிருக்கீங்களா? நாகராஜனும் நாகினியும் கைகூப்பிக்கிட்டு நிப்பாங்க. கீழே ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்யும், சுத்தி எலிங்க. பாம்பும் எலியும் ஒரே பாறையில. இருளர்கள் அந்த ஊருக்கு வர்றது இதைப் பார்க்க இல்லை. மாசி மகத்தன்னைக்கு பல மாவட்டத்திலிருந்தும் குடும்பம் குடும்பமா அந்தக் கடற்கரைக்கு வருவாங்க. மணல்ல சேலையைக் கட்டிக் குடில் போட்டுத் தங்கி, விடியக்காலையில கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணங்கள் பேசி முடிச்சு, அங்கேயே தாலி கட்டுறதும் உண்டு. கடற்கரைக் கோயிலை போட்டோ எடுக்குற கூட்டத்துல முக்காவாசிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை.

அடுத்த தடவை வடநெம்மேலி போனா முதலையைப் பார்த்துட்டு ஓடிடாதீங்க. பாம்புப் பள்ளத்துக்குன்னு தனியா ஒரு டிக்கெட் வாங்கணும், அந்தக் காசு சங்கத்துக்குப் போகும். விஷம் எடுத்து முடிச்சதும் கூட்டம் கலைஞ்சிடும். அப்ப அங்க நிக்கிறவர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. கட்டுவிரியனுக்கும் ஓநாய்ப் பாம்புக்கும் என்ன வித்தியாசம்னு கேளுங்க, பொறுமையா சொல்லுவார்.

டிஸ்கி: பாம்பு கடிச்சா கத்தியால கீறுறது, வாயால உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் வேணாம். கடிபட்ட இடத்தை அசைக்காம, நேரா பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாம்பை அடிச்சுக் கையில எடுத்துட்டுப் போகணும்னு அவசியம் இல்லை.