படர்க்கையில் நின்ற படைப்பாளர்: காணொளி விளையாட்டு வரலாற்றில் சிறு நிறுவனங்களும் பெருந்தளங்களும்

தமிழ் இலக்கணம் இடத்தை மூன்றாகப் பகுக்கும். பேசுவோர் தன்மை, கேட்போர் முன்னிலை, பேசப்படுவோர் படர்க்கை. காணொளி விளையாட்டுத் தொழிலில் வழங்கும் கலைச்சொற்களைத் தமிழாக்க முற்படும்போதெல்லாம் இப்பாகுபாடு நம் நினைவுக்கு வருகிறது. ஆடும் கருவியைச் செய்து விற்கும் நிறுவனத்தை அத்தொழிலினர் முதல் தரப்பு என்பர்; வெளியிலிருந்து அக்கருவிக்கு ஆட்டங்களை ஆக்கித் தருவோரை மூன்றாம் தரப்பு என்பர். ஆட்டத்தை ஆக்கியவரே படர்க்கையில் நிற்கிறார். இந்நிலை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது, இன்று எங்கு வந்து நிற்கிறது என்பவற்றைச் சுருங்க நோக்குவோம்.

பெயருக்காக எழுந்த பிணக்கு

1977இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் தன் வீட்டுக் கருவியை வெளியிட்டபோது, அதற்கான ஆட்டங்களையும் தானே ஆக்கியது. ஓர் ஆட்டத்தைப் பெரும்பாலும் ஒரே நிரலரே கற்பனை செய்து, வரைந்து, எழுதி முடித்தார். ஆயினும் பெட்டியின் மீது அவர் பெயர் இடம்பெறவில்லை. வாரன் ராபினெட் என்னும் நிரலர் தம் 'அட்வெஞ்சர்' ஆட்டத்தினுள் எளிதில் புலப்படாத ஓர் அறையை அமைத்து, இதனை ஆக்கியவர் தாமே என எழுதி வைத்தார். நிறுவனத்துக்கும் அது தெரியாது. அவர் பணியிலிருந்து விலகிய பின்னர், ஆடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனே அதனைக் கண்டறிந்தான். நூலாசிரியர் தம் பெயரைத் தம் நூலுக்குள்ளேயே ஒளித்து வைக்க நேர்ந்த நிலை அது.

அதே நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வர் நேர்வழியில் முயன்றனர். 1978ஆம் ஆண்டின் விற்பனையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு தம் ஆட்டங்களால் விளைந்ததென அவர்கள் உணர்ந்தனர். பெயரும் விற்பனையில் ஒரு பங்கும் வேண்டுமென நிறுவனத் தலைவரிடம் கேட்டனர். பெட்டிகளை ஒன்றுசேர்க்கும் தொழிலாளரைவிட நீங்கள் முக்கியமானவர் அல்லர் என்னும் பொருள்பட விடை கிடைத்ததாகக் கிரேன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். நால்வரும் வெளியேறினர். ஜிம் லெவியுடன் இணைந்து 1979இல் 'ஆக்டிவிஷன்' நிறுவனத்தைத் தொடங்கினர். கருவி எதனையும் செய்யாமல், பிறர் கருவிக்கு ஆட்டங்களை மட்டும் ஆக்கிய முதல் நிறுவனம் என இதனை வரலாற்றாசிரியர் குறிப்பர்.

அட்டாரி 1980இல் வழக்குத் தொடுத்தது. 1982இல் இரு தரப்பும் உடன்பாடு கண்டன: ஆக்டிவிஷன் உரிமைத்தொகை செலுத்தும், அதன் தொழில் தடையின்றி நடக்கும். மூன்றாம் தரப்பு என்னும் நிலை அவ்வாறே உறுதிப்பட்டது. அதே ஆண்டில் கிரேன் ஆக்கிய 'பிட்ஃபால்' 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. ஆக்டிவிஷன் ஆட்டங்களோடு ஆக்கியவரின் பெயரும் அச்சேறியது. படர்க்கையில் நின்றவர் முதன்முறையாகத் தன்மையில் பேசினார் எனலாம்.

பூட்டும் திறவுகோலும்

வாயில் திறந்தவுடன் தரமற்ற ஆட்டங்களும் வெள்ளமெனப் புகுந்தன. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அச்சரிவிலிருந்து ஜப்பானின் நிண்டெண்டோ ஒரு பாடம் கற்றது. 1985இல் அமெரிக்காவில் அறிமுகமான அதன் கருவியில் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது; நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற ஆட்டங்களை மட்டுமே அது ஏற்கும். ஒப்புதல் பெற்றவர் ஆண்டுக்கு 5 ஆட்டங்களுக்கு மேல் வெளியிடலாகாது. அவற்றை 2 ஆண்டுகளுக்கு வேறு கருவிக்குத் தரலாகாது. ஆட்டம் பதிந்த கார்ட்ரிட்ஜையும் நிண்டெண்டோவே செய்து தரும். இக்கட்டுப்பாடு தரத்தைக் காத்தது என்பதை நாம் மறுக்க இயலாது. ஆயினும் பண்டத்தின் எண்ணிக்கை, காலம், செலவு ஆகிய மூன்றும் தளத்தின் கைக்குச் சென்றன. கொனாமி நிறுவனம் 'அல்ட்ரா கேம்ஸ்' என்னும் வேறு பெயரில் ஒரு கிளையைத் தொடங்கி ஐந்து என்னும் வரம்பைக் கடந்தது. இங்கும் பெயரே வழியாயிற்று.

சொல்லற்ற ஓர் ஆட்டம்

இணையவழி விற்பனை வந்தபின், பெட்டியும் கடையும் இல்லாமலேயே ஆட்டம் வீடு சேர்ந்தது. சிறு குழுக்களுக்கு அது பெருவாய்ப்பாயிற்று. ஜெனோவா சென், கெல்லி சாண்டியாகோ என்னும் இருவர், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்று வெளிவந்து, 2006இல் 'தட்கேம்கம்பெனி'யைத் தொடங்கினர். சோனி நிறுவனம் அவர்களோடு மூன்று ஆட்டங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. பணமும் வழிகாட்டுதலும் தந்தது. 'ஃப்ளோ', 'ஃப்ளவர்' என்பவற்றை அடுத்து, 2012இல் 'ஜர்னி' வெளிவந்தது.

மொழியியல் பயின்ற நமக்கு இவ்வாட்டம் தனிச்சுவை தருவது. பாலைவெளியில் செல்லும் இருவர், ஒருவரையொருவர் அறியாமலேயே இணையத்தின்வழி உடன் நடக்கின்றனர். பேச வழியில்லை, எழுத வழியில்லை, பெயரும் தெரியாது. ஓர் இசையொலியை எழுப்ப மட்டுமே இயலும். அவ்வொலி அழைப்பாகவும் எச்சரிக்கையாகவும் நன்றியாகவும் பொருள்படுவதை ஆடுவோர் தாமே கண்டுகொள்கின்றனர். பயணம் முடிந்த பின்னரே, உடன் வந்தவரின் பெயர் திரையில் தோன்றுகிறது.

இத்தகைய ஆட்டத்துக்குத் தளத்தின் துணையின்றி முதலீடு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. எனினும் பணி திட்டமிட்ட காலத்தைக் கடந்து நீண்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் நிறுவனத்திடம் பணமே இல்லாது போயிற்று எனச் சென் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். ஆட்டமோ பல விருதுகளைப் பெற்றது. அதன் இசை கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. 2019 வரை சோனியின் கருவிகளில் மட்டுமே அது கிடைத்தது. புகழும் பொருளும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதற்கு இது சான்று.

விழுக்காட்டின் மொழி

இன்று பூட்டுச் சில்லின் இடத்தை விழுக்காடு பிடித்துள்ளது. 2008இல் ஆப்பிள் தன் செயலிக்கடையைத் திறந்தபோது விற்பனையில் 30 விழுக்காட்டைத் தனக்கென வைத்தது. வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம்' கடையிலும் அதுவே வழக்கம். 2018இல் ஸ்டீம் தன் பங்கைக் குறைத்தது. ஆனால் 1 கோடி டாலருக்கு மேல் விற்கும் ஆட்டங்களுக்கே அச்சலுகை. ஆப்பிளோ 2021 முதல் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் வரை ஈட்டுவோருக்கு 15 விழுக்காடு எனக் குறைத்தது. ஒன்று பெரியோரைத் தக்கவைக்கிறது. மற்றொன்று சிறியோருக்கு இடம் தருகிறது. எண்ணும் ஒரு மொழியே. அது யாரை முன்னிலையாகக் கொண்டு பேசுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கூட்டாண்மை என்பது இனிய சொல். ஆயினும் அதன் பொருள் அகராதியில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாளை நீங்கள் ஓர் ஆட்டத்தையோ செயலியையோ கதையையோ பிறர் தளத்தில் ஏற்றும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: என் பெயர் எங்கே நிற்கும்? என் பங்கு எவ்வளவு? நான் விலக விரும்பினால் என் படைப்பு என்னோடு வருமா? 1979இல் அந்நால்வர் கேட்டவை இவற்றுள் முதல் இரண்டு. விடை கிடைக்காதபோது அவர்கள் வெளியேறினர். ஆக்கிய ஆட்டங்களோ அட்டாரியிடமே தங்கின. மூன்றாம் வினாவை முன்கூட்டியே கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு.